சண்டை இல்லை, புதிர் இல்லை, கதை மட்டும்: எந்த கேமில் தொடங்கலாம்?

துப்பாக்கி கிடையாது. துரத்துகிறவர் கிடையாது. மண்டையைக் குடைந்து அவிழ்க்க வேண்டிய புதிரும் கிடையாது. கதைக்குள் இருக்கும் ஒருவரின் கண் வழியாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறீர்கள். பார்க்கப் பார்க்க, கேட்கக் கேட்கக் கதை விரிகிறது. வாக்கிங் சிமுலேட்டர் என்று அழைக்கப்படும் இந்த வகை கேம்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. நாவல் பிடிக்கும், சினிமா பிடிக்கும், ஆனால் கேம் என்றாலே அடிதடிதானே என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஆனால் எந்த வாசல் வழியாக நுழைவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். முதல் கேம் ஒத்துவராவிட்டால் இந்த வகையே ஒத்துவராது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ‘டியர் எஸ்தர்’ எடுத்து அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டவர், ‘ஃபயர்வாட்ச்’ கிடைத்திருந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். இரண்டும் ஒரே வகை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விளையாடிப் பார்த்தால் அவற்றுக்கு நடுவே பெரிய பள்ளமே இருக்கிறது.

யாராவது பரிந்துரைக்கும்போது கதைச்சுருக்கம், எத்தனை மணி நேரம், என்ன விருது என்று மூன்றைச் சொல்வார்கள். முடிவெடுக்க இவை பெரிதாக உதவாது. இந்த கேம்களின் கதைச்சுருக்கங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒன்றுதான்: யாரோ ஒருவர் அங்கே இல்லை, இடம் காலியாகக் கிடக்கிறது, நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். நேரமும் பெரும்பாலும் இரண்டு மூன்று மணிதான். உண்மையில் வித்தியாசப்படுவது, கதை நடக்கும்போது உங்கள் கைக்கு என்ன வேலை கொடுக்கப்படுகிறது என்பது. ஒன்றில் நீங்கள் தேடுகிறீர்கள். ஒன்றில் பேசுகிறீர்கள். ஒன்றில் ஒட்டுக்கேட்கிறீர்கள், இன்னொன்றில் வேறொருவராகவே மாறிவிடுகிறீர்கள். சிலவற்றில் நடப்பது மட்டும்தான். இதில் எந்த வேலை உங்கள் சுபாவத்துக்குப் பொருந்தும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நானும் அந்தக் கோலை வைத்துத்தான் இங்கே அளக்கப்போகிறேன். கதை முடிவுகள் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஓரிரு காட்சிகளை நெருங்கிப் பார்க்காமல் ஒப்பிட முடியாது.

முதலில் ‘கான் ஹோம்’. ஸ்டீவ் கேனர் முதலானோர் சேர்ந்து நடத்திய ஃபுல்பிரைட் என்ற சிறு குழு 2013-இல் வெளியிட்டது. 1995 ஜூன் மாதம், மழையும் இடியுமான ஒரு ராத்திரி. ஓராண்டு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு கேட்டி என்ற இளம்பெண் அமெரிக்காவின் ஆரிகனில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அவள் ஊரில் இல்லாதபோது குடும்பம் குடிபுகுந்த பெரிய பழைய வீடு அது, அவளுக்கே புதிது. வாசலில் தங்கை சாம் ஒட்டிவைத்த குறிப்பு இருக்கிறது. உள்ளே அப்பா இல்லை, அம்மா இல்லை, தங்கையும் இல்லை. என்ன ஆயிற்று?

இங்கே உங்கள் வேலை துழாவுவது. டிராயரைத் திறக்கலாம், அலமாரியைப் பார்க்கலாம், காகிதத்தைப் புரட்டலாம், கேசட்டைப் போட்டுக் கேட்கலாம். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க ஒரு பட்டன் உண்டு. பார்வைக்கு அற்பமான வசதி. ஆனால் பத்து நிமிடத்தில் நீங்கள் எதையும் தூக்கிப் போடாமல் பதவிசாகத் திருப்பி வைக்கத் தொடங்கிவிடுவீர்கள், ஏனென்றால் அது ஒரு வீடு, உங்கள் வீடு. இந்த ஒரு பழக்கத்தாலேயே நீங்கள் கேட்டியாகிவிடுகிறீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மனித இனப்பெருக்கம் பற்றிய பள்ளி வீட்டுப்பாடம் ஒன்று கிடைக்கும். கேட்ட விவரங்களையெல்லாம் எழுதச் சொன்ன வரிசையில் எழுதாமல், சாம் அதை ஒரு போர்க்காலக் கதையாக மாற்றி எழுதியிருப்பாள். வீட்டின் வேறொரு மூலையில் அதே பாடத்துக்கு அக்கா பல வருடம் முன்பு எழுதியதும் கிடக்கும்: ஒழுங்காக, பிசிறில்லாமல், வாத்தியார் கேட்டபடியே. இரண்டு சகோதரிகளும் எப்படிப்பட்டவர்கள் என்று கேமில் யாரும் சொல்வதில்லை. இரண்டு தாள்களையும் நீங்கள் பார்த்திருந்தால் அது உங்களுக்குத் தெரியும். ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்றால் தெரியாது, கேமும் கவலைப்படாது. விற்காமல் போய் அப்பா பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்திருக்கும் அவருடைய சொந்த நாவல்கள், அம்மாவின் அலுவலக வாழ்க்கை, அந்த வீட்டை இவர்களுக்கு விட்டுச்சென்ற அப்பாவின் மாமா என ஒவ்வொருவரின் கதையும் இப்படித்தான் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சாமின் கதையை மட்டும் அவளே குரலில் சொல்வாள். மற்றவர்கள் கதையை நீங்கள்தான் கோத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், அந்த அப்பாவின் கதைதான் இந்த கேமின் பெரிய சாதனை. பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே முடித்துவிடுகிறார்கள்.

பூட்டுகள் ஒன்றிரண்டு உண்டு. எண் தெரிந்தால்தான் திறக்கும், ஆனால் அந்த எண் வீட்டிலேயே ஏதோ ஒரு காகிதத்தில் இருக்கும். புதிர் என்று பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. இருட்டுதான் சிலருக்குப் பிரச்சினை. மழை, இடி, கிறீச்சிடும் மரத்தரை, மினுக்கும் விளக்கு எல்லாம் சேர்ந்து பேய்ப்படம் மாதிரி ஒரு கலக்கத்தைக் கொடுக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எதுவும் பாய்ந்து வராது. பயந்த சுபாவம் என்றால் புதிதாகத் தொடங்கும்போதே எல்லா விளக்குகளையும் எரியவிடும்படி அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் வீட்டுப் புத்தக அலமாரியைப் பார்த்தே அவரைப் பற்றி ஊகிப்பவரா நீங்கள்? பழைய கடிதக் கட்டை அவிழ்த்தால் ராத்திரி சாப்பாட்டையே மறந்துவிடுவீர்களா? அப்படியானால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், ‘கான் ஹோம்’தான். கதை யாராவது சொல்லச் சொல்லக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது வெறும் காலி வீடாகத் தெரிந்துவிடும் ஆபத்து உண்டு.

‘ஃபயர்வாட்ச்’ அதற்கு நேர் எதிர்த் திசை. கம்போ சாண்டோ என்ற குழு உருவாக்கி 2016 பிப்ரவரியில் வந்தது. 1989-ஆம் வருடக் கோடை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷோஷோன் தேசியக் காடு. முந்தைய வருடம்தான் பக்கத்தில் யெல்லோஸ்டோனில் பெரும் காட்டுத்தீ பரவியிருந்தது. ஹென்றி என்ற நடுத்தர வயதுக்காரர் காவல் கோபுரத்தில் உட்கார்ந்து எங்காவது புகை கிளம்புகிறதா என்று பார்க்கும் வேலைக்கு வருகிறார். அடுத்த கோபுரத்தில் இருக்கும் மேலதிகாரி டெலைலா. இருவரும் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்கிறார்கள். கேமே அந்தப் பேச்சுதான்.

தொடக்கத்தின் சில நிமிடங்கள் வெறும் எழுத்து. ஹென்றி ஜூலியாவைச் சந்தித்தது, கல்யாணம், நாய், அப்புறம் இளம் வயதிலேயே அவளுக்கு வந்த மறதி நோய். நடுநடுவே கோபுரத்தை நோக்கி நடக்கும் காட்சிகள். எழுத்துப் பகுதிகளில் சின்னச் சின்ன முடிவுகளை நீங்கள் எடுக்கிறீர்கள். எடுத்து முடிக்கும்போது, இவர் ஏன் இந்தக் காட்டுக்கு ஓடி வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிற மாதிரி ஓர் உறுத்தல் தங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு மனிதனின் பாதி வாழ்க்கையை இவ்வளவு கனமாக ஏற்றிவிட்ட இன்னொரு கேமை நான் பார்த்ததில்லை.

இங்கே கைக்கு இரண்டு வேலை. ஒன்று வரைபடம். ஒரு கையில் காகித வரைபடம், இன்னொன்றில் திசைகாட்டி. நீங்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் புள்ளியை அணைத்துவிட்டு விளையாடவும் முடியும். முடிந்தால் அணைத்துவிடுங்கள். ஓடையையும் பாறையையும் பார்த்து வழி கண்டுபிடிக்கும்போதுதான் அந்தக் காடு உங்களுடையதாகிறது. வழியில் தென்படும் சாமான் பெட்டிகளில் எண்பூட்டு இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் எண் 1234 தான்.

இரண்டாவது வேலை பதில் சொல்வது. டெலைலா ஏதாவது கேட்பாள்; திரையில் இரண்டு மூன்று பதில்கள் வரும்; கொஞ்ச நேரத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த மௌனமும் ஒரு பதிலாகிவிடும். ஜூலியாவைப் பற்றி அவளிடம் சொல்வதா, மறைப்பதா? அவள் குடித்துவிட்டுக் குழைந்து பேசும்போது கூடவே குழைவதா? கதையின் போக்கை இந்தப் பதில்கள் பெரிதாக மாற்றாது. முடிவு எல்லாருக்கும் ஒன்றுதான். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை மாறாவிட்டாலும் ஹென்றி எப்படிப்பட்டவர் என்பது மாறுகிறது. அதைத் தீர்மானிப்பது நீங்கள். ரிச் சோமர், சிஸ்ஸி ஜோன்ஸ் இருவரின் குரல் நடிப்பும் அவ்வளவு இயல்பு. ஒருவரை ஒருவர் பார்க்காமலே நெருங்குகிறவர்களின் தயக்கம் அவர்கள் விடும் மூச்சிலேயே கேட்கும். இந்த நடிப்புக்காக சிஸ்ஸி ஜோன்ஸுக்கு 2017-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

நடுவில் கதை மர்மக் கதையாக முறுக்கேறும். காட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பதற்றம் கூடிக்கொண்டே போகும். அது முடியும் விதம்தான் ‘ஃபயர்வாட்ச்’ பற்றிய நிரந்தரச் சண்டை. இவ்வளவு பெரிதாகக் கட்டிவிட்டு இப்படி முடித்துவிட்டார்களே என்று கோபப்படுபவர்கள் ஏராளம். எனக்கு அந்த முடிவு மிகச் சரி. பொறுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடிவந்த மனிதர்களின் கதை வேறு எப்படி முடிய முடியும்? ஆனால் மர்மத்துக்காக மட்டும் வருபவர் என்றால் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். நீளம் நாலைந்து மணி நேரம். துப்பாக்கி கேம்களுக்குப் பழகிய நண்பரை இந்தப் பக்கம் இழுக்க நினைத்தால் இதைத்தான் கொடுப்பேன். ஏறுவது, கயிற்றில் இறங்குவது, காட்டில் திரிவது என்று உடம்புக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும், சும்மா நடக்கிறோம் என்ற அலுப்பு வராது.

இனி ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’. இயன் டல்லாஸ் தலைமையில் ஜயன்ட் ஸ்பேரோ உருவாக்கி 2017 ஏப்ரலில் வந்தது. அடுத்த வருடம் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதையே தட்டிச்சென்றது. சண்டையே இல்லாத இரண்டு மணி நேரக் கதைக்கு அந்த விருது கிடைத்தபோது இந்த வகைக்கே ஒரு கௌரவம் வந்தது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தீவு, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அறைகளை ஒட்டவைத்துக் கட்டிய விசித்திரமான வீடு. ஃபின்ச் குடும்பத்தில் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் அகாலமாகச் செத்துப்போகிறார்கள். இறந்தவர் அறையை அப்படியே மூடி வைத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஈடித் திரும்பி வந்து ஒவ்வோர் அறைக்குள்ளும் எப்படியோ நுழைகிறாள். நுழைந்ததும் நீங்கள் அந்த அறைக்குரியவராகவே மாறி, அவருடைய கடைசி நேரத்தை வாழ்கிறீர்கள். ஒவ்வொருவர் கதைக்கும் கட்டுப்பாடு வேறு, வடிவம் வேறு. பசியோடு படுத்த ஒரு சிறுமி பூனையாகிப் பறவையைத் துரத்துவாள். ஒரு நடிகையின் சாவு சித்திரக்கதைப் பக்கங்களுக்குள்ளே நடக்கும். ஒரு பையன் ஊஞ்சலை உந்தி உந்தி ஆடுவான், உந்துவது உங்கள் விரல்.

லூயிஸின் கதைக்கு வருகிறேன். மீன் பதனிடும் ஆலையில் வேலை. கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கால், அதாவது கட்டைவிரலால் தள்ளும் சிறு குமிழால், மீனை இழுத்து, கத்திக்குக் கீழே தள்ளி, தலையை வெட்டி, ஓடும் பட்டையில் எறிய வேண்டும். அடுத்த மீன். அடுத்த மீன். கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில் அவன் கற்பனை செய்யும் ஒரு ராஜ்ஜியம் முளைக்கிறது. இடது ஸ்டிக்கால் அதற்குள் அவனை நடத்த வேண்டும். வலது கை மீன் வெட்டிக்கொண்டே இருக்க, இடது கை ராஜ்ஜியத்தில் நடக்கிறது. ராஜ்ஜியம் பெரிதாகிக்கொண்டே போய் ஆலையைத் திரையிலிருந்து விழுங்கிவிடுகிறது. ஆனாலும் உங்கள் வலது கை தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறது. கண் ஓரிடத்தில், கை ஓரிடத்தில். அலுப்பான வேலையில் மனசு கழன்றுபோவது எப்படி இருக்கும் என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை, உங்கள் இரண்டு கைகளும் அதைச் செய்துகாட்டிவிட்டன. எழுத்திலோ சினிமாவிலோ இதைச் செய்யவே முடியாது. கேம் என்ற கலைக்கு மட்டுமே சொந்தமான ஐந்து நிமிடம் எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

கன்ட்ரோலரே பிடித்திராதவருக்கும் இது ஒத்துவரும். நடக்க ஒரு ஸ்டிக், பார்க்க ஒரு ஸ்டிக், மற்றபடி ஒரே பட்டன். வழி தவறவே முடியாது. ஈடித் பேசும் வரிகள் சுவரிலும் செடியிலும் காற்றிலும் எழுத்தாகவே மிதக்கும் என்பதால், ஆங்கில உச்சரிப்பைக் காதால் பிடிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் தோது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இதில் குழந்தைகள் சாகிறார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. தற்கொலையும் வருகிறது. எதையும் கோரமாகக் காட்டவில்லை. ஆனாலும் அப்படி ஓர் இழப்பைச் சமீபத்தில் சந்தித்தவர் இதை இப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது. யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் இதை முதலில் யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

நடப்பது மட்டும் என்ற கட்சிக்குத் தலைவர் ‘டியர் எஸ்தர்’. இந்த வகையையே தொடங்கிவைத்தது என்று சொல்லலாம். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் டான் பின்ச்பெக் ஆராய்ச்சியாகச் செய்துபார்த்தது. ‘ஹாஃப் லைஃப் 2’ என்ற துப்பாக்கி கேமின் மீது கட்டிய இலவச மாற்றமாக 2008-இல் வந்தது. ராபர்ட் பிரிஸ்கோ அதன் காட்சிகளை மறுபடி வார்த்தெடுக்க, 2012 பிப்ரவரியில் தனி கேமாக விற்பனைக்கு வந்தது. துப்பாக்கி கேமிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு இது ஒரு பதில். ஸ்காட்லாந்தை ஒட்டிய ஹெப்ரிடீஸ் பகுதியில் ஆளில்லாத தீவு. கரையிலிருந்து நடக்கத் தொடங்கி, குகைகளைக் கடந்து, சிவப்பு விளக்கு மினுக்கும் கோபுரத்தை நோக்கிப் போகிறீர்கள். ஒரு ஆண் குரல் எஸ்தருக்கு எழுதிய கடிதத் துணுக்குகளை வாசிக்கிறது. எதையும் எடுக்க முடியாது, திறக்க முடியாது, ஓட முடியாது. டார்ச் கூட இருட்டில் தானாகவே எரியும்.

ஒவ்வொரு முறை விளையாடும்போதும் துணுக்குகள் மாறி வரும். அதனால் நீங்கள் கேட்ட கதையும் உங்கள் நண்பர் கேட்டதும் முழுக்க ஒன்றாக இருக்காது. நேர்க்கோட்டுக் கதையைத் தேடினால் கிடைக்காது. கவிதையைப் படிக்கிற மனசோடு போக வேண்டும். குகைப் பகுதியின் நீலப் பச்சை வெளிச்சமும், ஜெசிகா கர்ரியின் பியானோவும் வயலினும், அந்தக் குரலும் சேரும் சில இடங்களில் நான் நடப்பதையே நிறுத்திவிட்டு நின்றிருக்கிறேன். ஆனாலும் முதல் கேமாக இதைச் சொல்ல மாட்டேன். வசனம் அடர்த்தியானது, உருவகத்துக்குள் உருவகம். கைக்கு வேலையே இல்லாததால், முதல்முறை வருபவருக்கு நான் எதற்கு இங்கே இருக்கிறேன் என்ற கேள்வி வந்துவிடும். இந்த வகை கேமில் ஏற்கெனவே ஒரு பிடிப்பு வந்தவருக்கு அந்தக் கேள்வி வராது.

‘டியர் எஸ்தர்’ செய்த தி சைனீஸ் ரூம் குழுவின் ‘எவ்ரிபடிஸ் கான் டு த ராப்ச்சர்’ 2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கும், மறு வருடம் கணினிக்கும் வந்தது. 1984-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு கிராமம். எல்லாரும் மறைந்துவிட்டார்கள். துணி காய்கிறது, வானொலி ஓடுகிறது, ஆளைக் காணோம். தங்க நிற ஒளி உருவங்களாகத் தோன்றி அவர்கள் கடைசியாகப் பேசியதை மீண்டும் பேசுவார்கள். உலகமே முடிகிறபோதும் அவர்கள் பேசுவது பழைய காதல், மாமியார் வருத்தம், அண்டை வீட்டுப் பேச்சு என்பதுதான் என்னை உலுக்கியது. ஒளிக்கு முகம் இல்லை, குரலை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். இசைக்கு பாஃப்டா கிடைத்தது, தகும்.

குறை என்னவென்றால் நடையின் வேகம். பெரிய ஊர், ஊர்ந்து போகும் கால்கள், திரும்பி வந்து பார்க்க வேண்டிய மூலைமுடுக்குகள். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும், ஆனால் வெளிவந்தபோது கேம் அதைச் சொல்லவே இல்லை. பிளேஸ்டேஷனில் அது ஆர் 2 பட்டன். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள், பாதி எரிச்சல் குறைந்துவிடும். ஐந்து ஆறு மணி நேரம் ஆகும் என்பதால் ஒரே உட்காரலில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

ஒட்டுக்கேட்பதில் இதைவிடச் சாமர்த்தியமானது ‘டகோமா’, ‘கான் ஹோம்’ செய்த அதே ஃபுல்பிரைட் 2017-இல் வெளியிட்டது. 2088-இல் காலியான ஒரு விண்வெளி நிலையம். அங்கிருந்த ஆறு பேரின் நடமாட்டமும் பேச்சும் முப்பரிமாணப் பதிவாக இருக்கின்றன. நீங்கள் அந்தப் பதிவுக்குள்ளேயே நடமாடலாம். ஒரு விருந்துக் காட்சி. கூடத்தில் நாலு பேர் பேசுகிறார்கள், ஒருவர் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போகிறார். அவர் பின்னால் போவதா, கூடத்தில் நிற்பதா? ஒன்றைப் பார்த்துவிட்டு, பதிவைப் பின்னால் ஓட்டி மற்றதையும் பார்க்கலாம். ஒரே மூன்று நிமிடம், ஆளுக்கு ஒரு கதை. இந்த உத்தி எனக்கு மிகவும் பிடிக்கும். கதையின் கனம் மட்டும் ‘கான் ஹோம்’ அளவுக்கு இல்லை. ஆறு பேரும் நல்லவர்கள், சுவாரசியமானவர்கள், ஆனால் அந்த அப்பாவைப் போல யாரும் மனசில் தங்கவில்லை. ‘கான் ஹோம்’ பிடித்தவருக்கு இரண்டாவதாக எடுக்க ஏற்றது.

யாராவது விளையாடுவதை வீடியோவாகப் பார்த்துவிட்டால் போதாதா, எப்படியும் நடப்பதுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கைக்கு என்ன வேலை என்ற அதே கோலை வைத்துப் பார்த்தால் பதில் ஒவ்வொன்றுக்கும் மாறும். ‘ஃபயர்வாட்ச்’ வீடியோவாகவும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், நல்ல வசனமும் நல்ல நடிப்பும் அங்கேயும் இருக்கும். ஆனால் டெலைலாவுக்குப் பதில் சொன்னது வேறு யாரோ. ‘டியர் எஸ்தர்’ கூட வீடியோவில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ‘கான் ஹோம்’ வீடியோவில் செத்துவிடும், ஏனென்றால் எந்த டிராயரைத் திறப்பது என்று இன்னொருவர் முடிவெடுத்தால் அதில் உங்களுக்கு மிஞ்சுவது யாரோ ஒருவர் வீட்டின் சாமான்கள். லூயிஸின் காட்சியை வீடியோவில் பார்ப்பது வீண். பார்க்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். கதாபாத்திரத்தின் கண் வழியாகப் பார்க்கும் இந்த ஃபர்ஸ்ட் பெர்சன் பார்வை சிலருக்குத் தலைசுற்றலைக் கொடுக்கும். அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து விளையாடுங்கள். அமைப்புகளில் பார்வைக் கோணத்தைக் கூட்டவும் தலை அசைவைக் குறைக்கவும் வழி இருந்தால் முதலிலேயே மாற்றிவிடுங்கள். அப்படியும் சுற்றினால் ‘ஈடித் ஃபின்ச்’ கொஞ்சம் சோதிக்கும், ஊஞ்சல் காட்சியும் பூனைக் காட்சியும் வேகமானவை. ‘கான் ஹோம்’ நிதானமானது, வேண்டிய இடத்தில் நின்று மூச்சு வாங்கலாம்.

ஆங்கிலம் பற்றி. ‘கான் ஹோம்’ நிறையப் படிக்கச் சொல்லும், பல கையெழுத்துக் கடிதங்கள், ஆனால் அவசரப்படுத்தாது. ‘ஃபயர்வாட்ச்’ அவசரப்படுத்தும், பதிலைப் படித்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும் என்றால் சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு, தவறவிட்ட பதில்களைப் பற்றிக் கவலைப்படாமல் போங்கள். ‘ராப்ச்சர்’ கிராமத்து உச்சரிப்பில் பேசும், அதற்கும் சப்டைட்டில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

எந்தக் கருவி கையில் இருக்கிறது என்பதும் ஒரு விஷயம். ‘ஈடித் ஃபின்ச்’, ‘கான் ஹோம்’ இரண்டும் கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் வந்திருக்கின்றன. ஐபோனுக்கும் வந்தன, ஆனால் சின்னத் திரையில் கையெழுத்தைப் படிப்பது பாடு. ‘ஃபயர்வாட்ச்’ ஸ்விட்சிலும் உண்டு. ‘ராப்ச்சர்’ மட்டும் கணினியோ பிளேஸ்டேஷனோ இருந்தால்தான்.

ஒன்றே ஒன்று சொல் என்று கேட்டால்? கேம் பழக்கமே இல்லாதவருக்கு, மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தாத பட்சத்தில், ‘ஈடித் ஃபின்ச்’. ஒரு மாலையில் முடிந்துவிடும். கேமால் என்ன முடியும் என்று ஒரே நாளில் காட்டிவிடும். எச்சரிக்கை பொருந்துகிறவருக்கு ‘கான் ஹோம்’, அதில் கண்முன் சாவு எதுவும் நடப்பதில்லை, பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் மனத்தாங்கல்கள்தான். தனிமையில் இருப்பவருக்கு, யாராவது பேசிக்கொண்டே கூட வர வேண்டும் என்று தோன்றுகிற நாளில், ‘ஃபயர்வாட்ச்’. நான் திரும்பத் திரும்பப் போவது ‘கான் ஹோம்’ வீட்டுக்குத்தான். ஆனால் அது என் சுபாவம். எனக்குத் துழாவப் பிடிக்கும்.

‘தி ஸ்டான்லி பேரபிள்’ ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். 2013-இல் வந்த அது பிரமாதமான கேம். கதை சொல்கிற குரல் இடது கதவு வழியாகப் போனான் என்று சொல்லும், நீங்கள் வலது பக்கம் போய்ப் பார்க்கலாம், குரலுக்குக் கோபம் வரும். ஆனால் அது கேம்கள் நம்மை எப்படி நடத்துகின்றன என்பதைப் பற்றிய கேம். நாலைந்து கேமில் சொன்னபடி நடந்து பழகியவருக்குத்தான் சொன்னதை மீறுவதன் ருசி தெரியும். மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்றை முடித்துவிட்டு அதற்கு வாருங்கள்.